450 ரூபாய் புத்தகமும் பழைய ஜென்னேவும்

வணக்கம் மக்களே! இன்றைக்குக் கோபத்தோடுதான் கேமராவை ஆன் செய்திருக்கிறேன். போன வாரம் பழைய புத்தகக் கடையில் மேற்கு ஆப்பிரிக்க வரலாறு ஒன்றை எடுத்தேன். கடைக்காரர் 600 ரூபாய் சொன்னார். அட்டை கிழிந்திருக்கிறது, கடைசி வரைபடத்தைக் காணோம் என்று காட்டினேன். 550 என்றார். பையைத் தோளில் மாட்டினேன், 500. வாசல் வரை நடந்தேன், 450! நான் பேரம் பேசி ஜெயிப்பது அபூர்வம் என்று உங்களுக்கே தெரியும். வீடு வரும் வரை ஒரே சந்தோஷம்.

திறந்தால், அரபு வணிகர்கள் வந்த பிறகுதான் சகாராவுக்குத் தெற்கே நகரங்களே தோன்றின என்று எழுதியிருக்கிறது. பதிப்பித்த ஆண்டு 1992. அதற்கு 15 ஆண்டு முன்பே இந்தக் கதையை மண்ணைத் தோண்டி மாற்றிவிட்டார்கள்!

திம்புக்டு வீடியோ பார்த்தவர்களுக்கு மாலி நாடு நினைவிருக்கும். அதே நாட்டில், இன்னும் தெற்கே, பானி ஆற்றுப் பக்கம் ஜென்னே. மண்ணால் கட்டிய பெரிய பள்ளிவாசல் இருக்கும் ஊர். அங்கிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் ஒரு மண்மேடு இருக்கிறது. அதுதான் ஜென்னே-ஜெனோ, அதாவது பழைய ஜென்னே. 1977-இல் தொல்லியலாளர்கள் ரோடெரிக் மெக்கின்டாஷும் சூசன் மெக்கின்டாஷும் தோண்டியபோது, அடி மட்டத்தின் காலம் ஏறக்குறைய கி.மு. 250 என்று வந்தது. அன்றைக்கே நகரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கி.பி. 450 வாக்கில் 25 ஹெக்டேர் பரவிவிட்டது. அப்போது இஸ்லாமே தோன்றவில்லை!

சரி, வணிகம் நடந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். அது வெள்ளம் வந்து வண்டல் படியும் சமவெளி. பக்கத்தில் கல் கிடையாது, இரும்புத் தாது கிடையாது, செம்பும் கிடையாது. ஆனால் தோண்டினால் அரைக்கும் கல் வருகிறது, இரும்புத் தாதுவை உருக்கும்போது மிஞ்சும் கசடு வருகிறது, மேல் அடுக்குகளில் செம்பும் வருகிறது. எல்லாம் வெளியூர்ச் சரக்கு. பதிலுக்கு இவர்கள் அரிசியும் மீனும் கொடுத்திருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அந்த அரிசி ஆப்பிரிக்காவிலேயே பழக்கப்படுத்திய தனி இனம், ஆசியாவிலிருந்து போனதில்லை.

இருங்க, கண்ணாடி மணிகளை விட்டுவிட்டேன்! பழைய அடுக்குகளில் கிடைத்த சிலவற்றின் வேதிச் சேர்க்கையைப் பார்த்தால், ஆசியாவில் செய்தவையாக இருக்கலாம் என்கிறார்கள். கை மாறிக் கை மாறி அவ்வளவு தூரம்! இதைப் படித்துவிட்டு இரவு வெகு நேரம் தூக்கமே வரவில்லை.

கி.பி. 800-ஐ ஒட்டி ஊர் 33 ஹெக்டேர் ஆனது. சுற்றி ஏறக்குறைய 2 கிலோமீட்டர் மண் மதில். அரண்மனை என்று சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை. ராஜா இல்லாமலே இவ்வளவு பெரிய ஊர் நடந்திருக்கலாம் என்கிறார்கள், எனக்கு அது கோட்டை கொத்தளத்தைவிடப் பெரிய விஷயம். 1400 வாக்கில் ஆள் இல்லாமல் போய்விட்டது.

இன்னொரு எரிச்சல். அந்தப் பகுதியின் சுடுமண் சிலைகளைத் திருடித் திருடி வெளிநாட்டுக்கு விற்றார்கள். 1993-இல்தான் அமெரிக்கா இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. திருடிய சிலை எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை இனி யாராலும் மீட்க முடியாது.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் 'ஜென்னே-ஜெனோ, கி.மு. 250' என்று எழுதிவிட்டேன். இதோ, தெரிகிறதா?