ஜக் பந்தயத்துக்கு வராத குதிரை

நண்பர்களே, வணக்கம். குதிரைப் பந்தயம் என்றதும் நமக்குக் கிண்டி மைதானமும், குதிரைமேல் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஜாக்கியும்தான் நினைவுக்கு வரும். இன்றைக்கு நான் பேச வந்தது அமெரிக்காவின் வண்டிக் குதிரைப் பந்தயம் பற்றி. வண்டியின் பெயர் சல்கி. நம்ம ரேக்ளா வண்டியைவிட மெலிசு. இரண்டு சக்கரம், ஒரு சின்ன இருக்கை, அவ்வளவுதான். குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடக் கூடாது. ட்ராட் என்றால் குறுக்குக் கால்கள் சேர்ந்து போகும். பேஸ் என்றால் ஒரே பக்கத்துக் கால்கள் சேர்ந்து போகும். பாய்ச்சலுக்கு மாறிவிட்டால் லகானை இழுத்து நடையைத் திருத்தியாக வேண்டும். அதற்குள் மற்றக் குதிரைகள் போய்விடும்.

இதில் பெரிய பந்தயங்களை ஸ்டேக்ஸ் என்பார்கள். குட்டியாக இருக்கும்போதே உரிமையாளர் பெயர் கொடுத்து, தவணை தவணையாகப் பணம் கட்டுவார். இந்தக் குட்டி பெரிய ஆளாகும் என்று பந்தயத்துக்கு ரொம்ப நாள் முன்பே வைக்கிற நம்பிக்கை அது. கென்டக்கி ஃபியூச்சுரிட்டி 1893-லிருந்து நடக்கிறது, ஹாம்பிள்டோனியன் 1926-லிருந்து, ஒஹாயோ மாநிலத்தின் லிட்டில் பிரவுன் ஜக் (சுருக்கமாக ஜக்) 1946-லிருந்து.

ஒரு காலத்தில் இதற்கு எவ்வளவு மவுசு தெரியுமா? 1959-இல் நியூயார்க் பக்கத்திலிருந்த ரூஸ்வெல்ட் ரேஸ்வே மைதானத்தில் சர்வதேச ட்ராட் முதல்முறையாக நடந்தது. பிரான்சிலிருந்து ஜாமின் என்ற குதிரை வந்தது. அது தின்னும் ஆர்ட்டிசோக் கிடைக்கவில்லை என்பதே பத்திரிகைகளில் பெரிய செய்தி! பார்க்க வந்தவர்கள் 45 ஆயிரம் பேருக்கு மேல். ஜெயித்ததும் ஜாமின்தான். அந்த மைதானம் 1988-இல் மூடப்பட்டது. அங்கே 1956-இல் பிறந்த மெசஞ்சர் ஸ்டேக்ஸ் அப்புறம் ஊர் ஊராக இடம் மாறியது. பெயர் தப்பியது, வீடு போய்விட்டது. ஜனங்கள் பந்தயத்தை ஊரோடு சேர்த்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். 1853-இலிருந்து குதிரை ஓடிய, நியூஜெர்சியின் ஃப்ரீஹோல்டு மைதானமும் 2024 டிசம்பரில் கதவைச் சாத்திவிட்டது.

பணம் இல்லாததால்தான் இந்தச் சரிவு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்லாட் சூதாட்ட இயந்திரங்களின் வருமானத்தில் ஒரு பங்கு பல மாநிலங்களில் பந்தயப் பரிசுக்குப் போகிறது. பென்சில்வேனியா 2004-இல் இதற்கென்றே சட்டம் போட்டது. அந்தந்த மாநிலத்துப் பொலிகுதிரையின் (இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் ஆண் குதிரையின்) வாரிசுகளுக்கென்று தனிப் பந்தயங்கள், கொழுத்த பரிசுகள். சரி, பக்கத்திலேயே பணம் கிடைக்கும்போது நாட்டின் முதல்தரக் குதிரைகளோடு மோத உரிமையாளர் ஏன் இன்னொரு மாநிலத்துக்குப் போகப்போகிறார்?

அடுத்தது பொலிகுதிரை வியாபாரம். மூன்று வயது முடிந்ததும் நல்ல ஆண் குதிரையை இனப்பெருக்கத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதன் விலையை ஏற்றுவது ஒரு மைலை எத்தனை வினாடியில் ஓடியது என்ற கணக்கு. வேகம் வேண்டுமென்றால் ஒரு மைல் சுற்றளவுள்ள தடம் வேண்டும். ஜக் நடப்பதோ அரை மைல் தடத்தில். ஒரு மைலுக்கு நான்கு வளைவு. வெளி வரிசையில் மாட்டிய குதிரை ஒவ்வொரு வளைவிலும் கூடுதல் தூரம் ஓடியாக வேண்டும். வழக்கமாக, தகுதிப் பந்தயத்தில் தேறிய குதிரை அதே பிற்பகலில் மறுபடி ஓட வேண்டும்.

சம்பீச்சம்வேர் என்ற குதிரை ஓடிய 21 பந்தயங்களில் 20-ஐ ஜெயித்தது. 2008 செப்டம்பரில் லெக்சிங்டனின் நீளத் தடத்தில் ஒரு மைலை 1 நிமிடம் 46.8 வினாடியில் முடித்தது. அதே மாதம் நடந்த ஜக்குக்கு அது வரவில்லை. உரிமையாளர்களை நான் குறை சொல்லமாட்டேன், அவர்கள் கணக்கு சரியான கணக்கு. ஆனால் அன்றைக்கு ஜக் ஜெயித்த குதிரைக்கு என்ன மரியாதை கிடைத்திருக்கும்? 'அது வந்திருந்தால்?' என்ற கேள்வி கோப்பையோடு கூடவே வீட்டுக்குப் போயிருக்கும். பேஸ் நடையில் ஓடும் மூன்று வயதுக் குதிரைகளுக்கு ஜக், மெசஞ்சர், கேன் பேஸ் என்று மூன்று பெரிய பந்தயங்கள். மூன்றையும் ஒரே குதிரை ஜெயித்தது கடைசியாக 2003-இல், நோ பேன் இன்டென்டட். அதற்கப்புறம் மூன்றுக்கும் வந்து நிற்கிற நல்ல குதிரையே அபூர்வம்.

ஜக் நடக்கும், ஒஹாயோவின் டெலவேர் ஊர்க் கண்காட்சி மைதானத்தில் ஒரு பழக்கம் உண்டு. நாட்களுக்கு முன்பே ஜனங்கள் வீட்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து தடத்தின் வேலியோரம் சங்கிலி போட்டுக் கட்டிவைப்பார்கள். அந்த வாரத்தில் வேறு எந்த மாநிலமும் மூன்று வயதுக் குதிரைகளுக்குப் பெரிய பந்தயம் வைக்கக் கூடாது என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தால், அந்த நாற்காலிகளுக்கு முன்னால் மறுபடியும் முதல்தரக் குதிரைகள் வந்து நிற்கும்.