வாசலில் கட்டிய பச்சை

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்களுக்கு வணக்கம். பச்சை நிறத்தைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நான் வேலை பார்த்த பள்ளிகளில் எல்லாம் வண்ணப் பெட்டியில் முதலில் தீர்ந்துபோவது பச்சைதான். அதனால் இந்த நிறத்தோடு எனக்குப் பழக்கம் அதிகம்.

சிவப்பு என்றால் கோபம், வெள்ளை என்றால் சமாதானம், பச்சை என்றால் அமைதி, வளம் என்று ஒரு பட்டியல் எல்லோருக்கும் மனப்பாடம். பிள்ளைகளும் அப்படியே ஒப்பிப்பார்கள். எனக்கு அந்தப் பட்டியல் போதவில்லை. எந்த இலை, எந்த வாசலில், எந்த மாதத்தில் என்று கேட்காமல் பச்சைக்கு அர்த்தம் சொல்ல முடியாது என்பது என் கட்சி.

தெருவில் நடந்து போகிறீர்கள். ஒரு வீட்டு நிலைப்படியில் மாவிலைத் தோரணம் கட்டியிருக்கிறது. விசேஷம் என்று புரிந்துவிடும், கால் தானாக உள்ளே போகும். நாலு வீடு தள்ளி இன்னொரு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருக்கிறது. அங்கே அம்மை போட்டிருக்கிறது. குரலைத் தாழ்த்திக்கொள்வீர்கள், படியேற மாட்டீர்கள், மனசுக்குள் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு நகர்வீர்கள். இரண்டும் பச்சை இலைதான். ஒன்று வா என்கிறது, மற்றது எட்ட நில் என்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட இதைத் தப்பாகப் படித்ததில்லை.

இன்னும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வளைகாப்புக்கு அடுக்கி வைக்கிற கண்ணாடி வளையல்களில் பச்சை கட்டாயம் இருக்கும். கல்யாண வீட்டில் பந்தக்கால் நடும்போது நுனியில் பச்சைக் கொத்து கட்டுவோம். கடைசியில் பாடை கட்டுவதற்கும் பச்சை மூங்கிலையும் தென்னை ஓலையையும்தான் வெட்டிக்கொண்டு வருகிறோம். சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் ஒரே தோப்பிலிருந்து வெட்டுகிற ஊர் நம்முடையது.

சரி, கொல்லைக்கு வருவோம். வாய்க்கால் பாசனம் உள்ள ஊர்க்காரர்களுக்குப் பச்சை தினமும் பார்க்கிற காட்சி. நமக்கு அப்படி இல்லை. மானாவாரிக் கொல்லையில் ராகியும் சாமையும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற பூமி இது. வெயிலில் வெந்து கிடந்த செம்மண்ணில் முதல் மழைக்குப் பிறகு லேசாகப் பச்சை தெரியும்போது வயிறு குளிரும். அந்தக் குளிர்ச்சி அடங்குவதற்குள் இன்னொரு கவலை வந்து உட்கார்ந்துவிடும். அடுத்த மழை எப்போது? இந்தப் பச்சை நிற்குமா? சந்தோஷமும் பயமும் சேர்ந்தே வருகிற பச்சை இது. அமைதி என்று ஒரே சொல்லில் இதை எப்படி அடக்குவது?

பயம் என்றதும் சோளம் ஞாபகம் வருகிறது. மழை தவறி, சோளப் பயிர் முழங்கால் உயரத்தில் வாடி நிற்கும். பார்க்கப் பச்சையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இளம் பயிரில் சயனைடு விஷம் ஊறியிருக்கும். மாடு மேய்ந்தால் கொஞ்ச நேரத்திலேயே மூச்சு முட்டி விழுந்துவிடும். பயிர் வளர்ந்து பூத்த பிறகு விஷம் குறையும். மாடு வைத்திருக்கிறவர்களுக்கு இது தெரிந்ததுதான், ஆனாலும் இன்னொரு தடவை சொல்கிறேன்: தண்ணீர் காணாத இளஞ்சோளத்தில் மாட்டை விடாதீர்கள். தீவனம் இல்லாத காலத்தில்தான் அந்தப் பச்சை கண்ணை இழுக்கும்.

நெல் போடுகிறவர்கள் வேளாண்மை அலுவலகத்தில் இலை வண்ண அட்டை என்று ஒன்றைப் பார்த்திருக்கலாம். முதலில் ஜப்பானில் வந்தது, பிறகு பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் எளிதாக்கிப் பரப்பியது. வெளிர் பச்சையில் தொடங்கிக் கரும்பச்சை வரைக்கும் வரிசையாகக் கட்டங்கள், அவ்வளவுதான். காலையில் 8 மணியிலிருந்து 10 மணிக்குள், நன்றாக விரிந்த மேல் இலையை அட்டைமேல் வைத்து, வெயில் படாமல் நம் உடம்பின் நிழலில் பார்க்க வேண்டும். 10 இலை பார்த்து, பாதிக்கு மேல் குறித்த கட்டத்தைவிட வெளுத்திருந்தால் தழைச்சத்து, அதாவது யூரியா, போடலாம். இல்லாவிட்டால் வேண்டாம். நிழலில் வைத்து நிறம் பார்க்க வேண்டும் என்பதை வகுப்பில் ஆயுசு முழுக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான். அந்த அட்டையைக் கையில் வாங்கியபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பயிர் கரும்பச்சையாக இருந்தால் நல்லது என்று யூரியாவை அள்ளிப் போடுகிறோம். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிற மாதிரி பயிர் பசேல் என்று நிற்கும். புகையான் பூச்சிக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் அதுதான் விருந்து. பச்சை அளவுக்கு மீறினாலும் ஆபத்துதான்.

இப்போது ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேர் வேண்டாம். ஏழாம் வகுப்பு, பாலக்கோடு பக்கம். புளியமரம் வரையச் சொன்னேன். மரம் அருமையாக வந்திருக்கிறது, கிளை பிரிகிற இடமெல்லாம் அச்சு அசல். ஆனால் இலை முழுக்கப் பழுப்பு. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவனுடைய கிரேயான் டப்பாவைப் பார்த்தேன். பேப்பர் சுற்றியிருந்த குச்சிகளை எல்லாம் பேர் படித்துச் சரியாக எடுக்கிறான். பேப்பர் கிழிந்த பச்சையும் பேப்பர் கிழிந்த பழுப்பும் அவனுக்கு ஒன்றாகத் தெரிகின்றன. விஷயம் புரிந்தது.

நம் கண்ணில் நிறம் பிரிக்கிற செல்கள் மூன்று வகை. பகல் வெளிச்சத்தில் நம் கண் அதிகமாக உணர்வது மஞ்சள் கலந்த பச்சையைத்தான். அந்தச் செல்களில் ஒரு வகை சரியாக அமையாவிட்டால் பச்சை, சிவப்பு, பழுப்பு எல்லாம் குழம்பும். நிறக்குருடு என்று சொல்வது இதைத்தான். பெரும்பாலும் அம்மா வழியாக மகனுக்கு வருவது இது. பெண்பிள்ளைகளுக்கு அபூர்வம். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கிற அட்டைகளை வைத்துக் கண் மருத்துவர்கள் சோதிக்கிறார்கள். ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917இல் வெளியிட்ட முறை அது. பெற்றோர்களே, பையன் நிறம் மாற்றி அடித்தால் திட்டாதீர்கள், அடிக்காதீர்கள். கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். ரயில் ஓட்டுகிற வேலை மாதிரி சில வேலைகளுக்கு இது தடை. முன்கூட்டியே தெரிந்திருந்தால் பிள்ளை வேறு கனவு காணலாம்.

அடுத்த வாரம் எல்லோரையும் ஆளுக்கு நாலு இலை கொண்டுவரச் சொன்னேன். வராந்தாவில் பரப்பி, இளம் பச்சையில் தொடங்கிக் கரும்பச்சை வரைக்கும் அடுக்க வேண்டும். புங்கம், வேம்பு, மா, முருங்கை, மல்பெரி என்று குவிந்துவிட்டது. பிள்ளைகள் கிளிப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை என்று ஜவுளிக்கடையில் கேட்ட பேரையெல்லாம் சொல்லி ஒரே சண்டை. இந்தப் பையன் சண்டைக்கே போகவில்லை. ஒவ்வொரு இலையாக எடுத்து, கட்டைவிரலால் தடவி, மடக்கிப் பார்த்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வரிசையாக வைத்துக்கொண்டே போனான். புங்கங்கொழுந்து முதலில், முற்றின மாவிலை கடைசியில். ஏறக்குறைய எல்லாம் சரி. எப்படிடா என்று கேட்டேன். "இளசு வழவழன்னு இருக்கும் டீச்சர். வெளிச்சம் உள்ளே போகும். முத்தினது போகாது" என்றான்.

எனக்கு அத்தோடு விட மனசில்லை. பச்சை என்றால் உனக்கு என்ன தோன்றும் என்றும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மழை பேஞ்ச மறுநாள் ஆடு ஓட்டிக்கிட்டுப் போறப்போ புல்லுல கால் சில்லுன்னு இருக்குமே, அது" என்றான். சிரித்த பிள்ளைகள் யாருக்கும் இப்படி ஒரு பதில் வந்திருக்காது. நிறம் தெரியாதவனுக்கும் பச்சையின் சந்தோஷம் முழுசாகத் தெரிந்திருக்கிறது. கால் வழியாகத் தெரிந்திருக்கிறது. இதைத்தான் நான் எங்கே போனாலும் சொல்கிறேன்.

நேரம் பார்க்கச் சொல்கிறார்கள். மாமரத்தைப் பற்றிச் சொல்லாமல் கிருஷ்ணகிரி நேயர்களிடம் விடைபெற முடியாது. மாங்கொழுந்து பச்சையாகத் துளிர்ப்பதில்லை, செம்பு நிறத்தில் வந்து பிறகுதான் பச்சையாகிறது. பிள்ளைகளை மரத்தடிக்கு அழைத்துப்போய்க் காட்டுங்கள். காய் பச்சையாக இருக்கிறது என்று அவசரப்பட்டு கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைக்கிறார்களே, சட்டப்படி அது தடை செய்யப்பட்டது. பச்சை தானாக இறங்குகிற வரைக்கும் காத்திருக்கலாம்.

ஆகாயத்தாமரை மூடிய ஏரி, மலையடிவாரம் முழுக்கப் பரவிய உண்ணிச்செடி, சீமைக்கருவேலம். மாட்டுக்கும் மண்ணுக்கும் உதவாத இந்தப் பச்சைகளைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும். இன்றைக்கு முடியாது.

கடைசியாக, மருத்துவமனை. அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேருடைய பதிவேடுகளை ஒப்பிட்டு 1984இல் சயின்ஸ் இதழில் எழுதினார். 23 பேர் படுத்திருந்த அறையின் ஜன்னலில் மரங்கள் தெரிந்தன. மற்ற 23 பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. நம் அரசு மருத்துவமனை வளாகங்களிலும் வேம்பும் புங்கமும் நிற்கின்றன. உங்கள் வீட்டில் யாராவது படுத்திருந்தால், ஜன்னலோரக் கட்டில் காலியாகும்போது நர்ஸம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். கட்டில் கிடைக்காவிட்டால், நடக்க முடிகிறவராக இருந்தால் அவரைச் சாயங்காலம் அந்த மரத்தடி பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள். வணக்கம்.