பஸ்ஸில் போனவனிடம் பார்க்கிங் காசு! | ஊட்டி வ்லாக்

வணக்கம் மக்களே! ஊட்டி போய்விட்டு வந்தாயிற்று. தம்ப்நெயிலில் பார்த்திருப்பீர்கள், கையில் ஒரு பில்லைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்த பில் கதையைச் சொல்லி முடிக்காமல் எனக்கு வேறு எதுவும் ஓடாது. அதனால் முதலில் அது.

நம் சேனலைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், மலை என்றால் நான் சொந்த வண்டிதான். டேஷ்போர்டில் எலுமிச்சம்பழம், பக்கத்து இருக்கையில் பிளாஸ்க், ஜன்னல் முழுவதும் திறந்து. இந்த முறை அரசுப் பேருந்தில் போனேன். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். தங்கியது ஒரு சாதாரண லாட்ஜ், பெயர் வேண்டாம். காலையில் கிளம்பும்போது பில் நீட்டினார்கள். அறை வாடகை சரி. வெந்நீருக்குத் தனிக் காசு, அதையும் பொறுத்துக்கொண்டேன். கடைசி வரியில் பார்க்கிங் 150 ரூபாய்!

"தம்பி, நான் பஸ்ஸில் வந்தேன்."

"தெரியும் சார். ரூம் எடுத்தா பார்க்கிங் சேர்ந்துதான் வரும்."

"வண்டியே இல்லையே?"

"இருந்தா நிறுத்தியிருக்கலாமே சார். இடம் காலியாத்தான் இருந்துச்சு."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் சொன்னேன், அந்த இடம் எனக்குரியது என்றால் அங்கே ஒரு நாற்காலி போடுங்கள், டீ குடித்துவிட்டுப் போகிறேன் என்று. அவர் முதலாளிக்கு போன் போட்டார். முதலாளி முதலில் 50 குறைக்கலாம் என்றார். நான் விடவில்லை. பின்னால் பில் கட்ட நின்ற குடும்பம் என்னை முறைக்க ஆரம்பித்துவிட்டது. அரை மணி நேரம் மக்களே! கடைசியில் அந்த வரியைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். இதோ பாருங்கள். கேமரா ஃபோகஸ் ஆகிறதா? 150, அடித்தாயிற்று. அந்தக் காசில் வர்க்கி வாங்கினேன். சட்டம் போட்டு மாட்டும் அளவுக்கு இந்த பில் எனக்குப் பிடித்துவிட்டது.

சிரிப்புக்குச் சொன்னாலும் விஷயம் அதுதான். அந்த லாட்ஜின் முன்புறம் ஒரு காலத்தில் பூச்செடிகள் இருந்திருக்கின்றன. வரவேற்பறைப் படத்தில் தெரிகிறது. இப்போது அங்கே சிமென்ட் தளம், மஞ்சள் கோடு. வண்டி இல்லாமல் ஒரு விருந்தாளி வருவான் என்பது அவர்கள் கணக்கிலேயே கிடையாது. ஊட்டி என்றாலே கார் என்று ஆகிவிட்டது. ஆனால் அந்த ஊர் காருக்காகப் பிறந்த ஊரே இல்லை.

சரி, ஏன் பஸ். இ-பாஸ் மக்களே. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும் என்று வந்தது. அப்போது எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை, விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் கிடைத்தது. 2025 ஏப்ரலில் வரம்பு போட்டார்கள். நீலகிரிக்கு வார நாளில் 6000 வண்டி, சனி ஞாயிறில் 8000. கொடைக்கானலுக்கு 4000, 6000. நான் கிளம்பியது மே மாத சனிக்கிழமை. எனக்கு அந்த நாளுக்கு இ-பாஸ் அமையவில்லை. ஆனால் அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போனால் இ-பாஸே தேவையில்லை! கோவை மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையத்தில் போய் ஏறி உட்கார்ந்தேன்.

ஒரு விஷயம் ஒத்துக்கொள்ள வேண்டும், பஸ்ஸில் போனபோதுதான் நான் மலையைப் பார்த்தேன். ஓட்டும்போது முன்னால் போகிற வண்டியின் பின்பக்கம்தான் தெரியும். கல்லார் தாண்டி கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும் எலுமிச்சம்பழத்தைத் தேடினேன். வழக்கமாக டேஷ்போர்டில் இருக்குமே! பக்கத்தில் இருந்த அம்மா ஒரு புளிப்பு மிட்டாய் கொடுத்தார். அதுவும் வேலை செய்கிறது, குறித்துக்கொள்ளுங்கள். பர்லியாறில் வண்டி நின்றது. மங்குஸ்தான் இன்னும் வரவில்லை, பலாச்சுளைதான் கிடைத்தது.

இப்போது கொஞ்சம் பின்னால் போகலாம். ஜான் சல்லிவன் பெயர் உங்களுக்குத் தெரியும், கோயம்புத்தூர் கலெக்டராக இருந்தவர். 1819இல் மலை ஏறுகிறார். அதற்கு முன்னால் அங்கே யாரும் இல்லையா என்றால், தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் எல்லோரும் காலங்காலமாக இருக்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் அது புதிய இடம். 1820களில் வீடு, ஏரி, தோட்டம் என்று சல்லிவன் ஆரம்பித்துவிட்டார். அப்போது ஏறிய வழி எப்படி? குதிரை, இல்லாவிட்டால் டோலி. ஆறேழு பேர் மாற்றி மாற்றித் தோளில் சுமந்து, ஒரு துரையையோ துரைசாணியையோ மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். மெத்தை, பீங்கான், பியானோ எல்லாமே ஆள் தலையிலும் மாட்டு முதுகிலும்தான். சென்னையில் இருந்து மலையடிவாரம் வந்து சேரவே பல நாள் ஆகும்.

அவ்வளவு பாடுபட்டு ஏறியவர் இரண்டு நாளில் இறங்குவாரா? மாட்டார். மாதக்கணக்கில் தங்குவார். அப்படித் தங்குவதற்கு வீடு வேண்டும், சர்ச் வேண்டும், கிளப் வேண்டும், பொழுது போக வேண்டும். பந்தயம், வேட்டை, பில்லியர்ட்ஸ், 1848இல் ஆரம்பித்த தாவரவியல் பூங்கா எல்லாம் அந்த நீண்ட தங்கலுக்காக வந்தவை. பிறகு சென்னை மாகாண அரசே கோடையில் கோப்போடும் குமாஸ்தாவோடும் மேலே போய் மாதக்கணக்கில் உட்கார ஆரம்பித்தது. கீழே சென்னையில் இருந்தவர்கள் அதை எதிர்த்துக் கத்தினார்கள். நியாயம்தானே, நாம் வெயிலில் காய வேண்டும், அரசாங்கம் மட்டும் சால்வை போர்த்திக்கொள்ள வேண்டுமா?

வழி கடினமாக இருந்ததால் தங்கல் நீண்டது, தங்கல் நீண்டதால் ஊர் உருவானது. எனக்கு இந்தப் பயணத்தில் புரிந்தது இவ்வளவுதான். குளிர் மட்டும் காரணம் இல்லை, குளிர் எல்லா மலையிலும் இருக்கிறது.

ரயிலுக்கு வருகிறேன், என் செல்லம். 1873இல் மேட்டுப்பாளையம் வரை தண்டவாளம் வந்துவிட்டது. அங்கிருந்து டோங்கா என்ற குதிரை வண்டி. மேலே ரயில் கொண்டுபோவது அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. 1891இல் வேலை ஆரம்பித்தார்கள், ஆரம்பித்த கம்பெனி காசில்லாமல் படுத்துவிட்டது, வேறு கம்பெனி எடுத்து முடித்தது. குன்னூருக்கு முதல் ரயில் 1899 ஜூனில். ஊட்டிக்கு 1908இல்தான். மொத்தம் 46 கிலோமீட்டர், 16 குகை, 250 பாலம், 208 வளைவு. கல்லாரில் இருந்து குன்னூர் வரை நடுவில் பற்கள் உள்ள இன்னொரு தண்டவாளம் ஓடும். என்ஜினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். ஆ, சொல்ல மறந்துவிட்டேன், ஏறும்போது என்ஜின் முன்னால் இழுப்பதில்லை, பின்னால் இருந்து தள்ளும்! ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் ஊழியர் கொடியோடு நின்று பிரேக் பிடிப்பார். என் பழைய மலை ரயில் வீடியோவில் அவர்களைத்தான் அதிகம் காட்டியிருக்கிறேன், "ரயிலைக் காட்டு" என்று நீங்கள் திட்டிய வீடியோ. 2005இல் இந்தப் பாதை யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

ரயில் என்ன செய்தது? வார விடுமுறைக்கு ஊட்டி போகலாம் என்பதை ரயில்தான் சாத்தியமாக்கியது. சென்னையில் இரவு ஏறினால் மறுநாள் மேலே. கலெக்டராக இருக்க வேண்டியதில்லை, சீட்டு வாங்கக் காசிருந்தால் போதும். அதன்பின் பேருந்து வந்து அந்தக் காசையும் குறைத்தது. பள்ளிச் சுற்றுலா, தேனிலவு, சினிமா படப்பிடிப்பு எல்லாம் மேலே வந்தன. எங்கள் வீட்டிலேயே தாத்தா பாட்டி தேனிலவு போட்டோ ஒன்று இருக்கிறது, ஏரிப் படகில் இரண்டு பேரும் இரண்டு திசையைப் பார்த்துக்கொண்டு.

கார் அந்தத் தங்கலை ஒன்றரை நாளாகச் சுருக்கிவிட்டது. வெள்ளி இரவு கிளம்பி, சனி முழுவதும் வரிசையில் நின்று, தொட்டபெட்டாவில் ஒரு செல்ஃபி, பைக்காராவில் ஒரு செல்ஃபி, ஞாயிறு மதியம் இறக்கம். இடத்தில் இருக்கிற நேரத்தைவிட இடத்துக்கும் இடத்துக்கும் நடுவே இருக்கிற நேரம் அதிகம். நம் சேனலின் பாதி வீடியோ அப்படித்தான், அதனால் ரொம்பப் பேசக் கூடாது.

ஒன்று விட்டுவிட்டேன், கோத்தகிரி. இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, எப்படி மறந்தேன்? சல்லிவன் காலத்து முதல் பாதை சிறுமுகையில் இருந்து கோத்தகிரி வழியாகத்தான் ஏறியது. அவர் முதலில் வீடு கட்டியதும் கோத்தகிரி பக்கத்தில் கன்னேரிமுக்கில். பிறகு குன்னூர்ப் பாதை வந்தது, ரயிலும் அதே பக்கம் போனது. குன்னூர் வளர்ந்தது, கோத்தகிரி அமைதியாக ஒதுங்கிக்கொண்டது. தேயிலையும் வானிலையும் மாறவில்லை, பாதை மட்டும்தான் மாறியது. இப்போது சீசனில் போலீஸ் ஒருவழிப் போக்குவரத்து வைக்கிறார்கள், குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம். இறங்குகிற கார்கள் டீ குடிக்க நிற்பதால் கோத்தகிரிச் சாலையோரம் கடைகளுக்கு வியாபாரம். எனக்குக் கோத்தகிரி அப்படியே இருக்க வேண்டும் என்று ஆசை. கடைக்காரர்கள் என்னை அடிக்க வருவார்கள்.

"இந்தியாவின் சுவிட்சர்லாந்து" என்று போர்டு வைப்பார்களே, எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஆனால் ஒரு விதத்தில் உறவு உண்டு. நிக்கலஸ் ரிக்கன்பாக் என்ற சுவிஸ் பொறியாளர், 1871இல் ரிகி மலைக்குப் பல்சக்கர ரயில் விட்டவர், மலையேறும் பல்சக்கர ரயிலில் ஐரோப்பாவில் அதுதான் முதல். அவரே 1880களில் நீலகிரிக்கும் ஒரு திட்டம் கொடுத்தார். கடைசியில் நமக்கு வந்தது ஆப்ட் என்ற இன்னொரு சுவிஸ்காரரின் முறை. பழைய என்ஜின்களில் பலவும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் செய்தவை. பிற்பாடு நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புது நீராவி என்ஜின் செய்தார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் திருச்சிக்காரர்கள் கமென்டில் வந்துவிடுவார்கள்.

சுவிட்சர்லாந்தில் இருந்து எடுக்க வேண்டியதை எடுக்காமல் போர்டை மட்டும் எடுத்தோம். அங்கே செர்மாட் என்று ஓர் ஊர், மாட்டர்ஹார்ன் மலையடியில். ஊருக்குள் பெட்ரோல் கார் கிடையாது. 5 கிலோமீட்டர் கீழே டேஷ் என்ற ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு ரயிலில் போக வேண்டும். அதனால் சுற்றுலா படுத்துவிட்டதா? இல்லவே இல்லை. "அது வெளிநாடு" என்பீர்கள். சரி, மும்பை பக்கத்தில் மாத்தேரான் என்று ஒரு மலை ஊர். வண்டிகளை தஸ்தூரியில் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் நடை, குதிரை, இல்லாவிட்டால் 1907இல் பீர்பாய் குடும்பம் போட்ட குட்டி ரயில். செம்மண் பாதையில் ஹாரன் சத்தம் இல்லாமல் நடக்கலாம்.

ஊட்டியை அப்படியே மூடச் சொல்லவில்லை. அது மாவட்டத் தலைநகரம், ஆஸ்பத்திரிக்கும் காய்கறி லாரிக்கும் வழி வேண்டும். ரயிலை மட்டும் நம்பவும் முடியாது. மழையில் மண் சரிந்தால் நாள்கணக்கில் நிறுத்திவிடுவார்கள், சில பெட்டிதான் ஓடுகிறது. 8000 வண்டியில் வண்டிக்கு நான்கு பேர் என்றால் 32,000 பேர், அந்தக் குட்டி ரயில் என்ன செய்யும், பாவம். பஸ்தான் வழி. மேட்டுப்பாளையத்தில் பெரிய நிறுத்தம், பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ், மேலே போனதும் பூங்கா, ஏரி, தொட்டபெட்டா என்று சுற்றி வரும் சிறு பஸ். ஒரே சீட்டு நாள் முழுவதும் செல்லுபடியாக வேண்டும். இப்போது பேருந்து நிலையத்தில் இறங்கி பூங்காவுக்கு ஆட்டோ கேட்டால் சொல்கிற தொகையில் பாதி மலை இறங்கிவிடலாம். நான் நடந்தேன்.

மலை ரயில் சீட்டு கிடைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு: மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 வண்டிக்கு முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், அன்றைக்கே உட்கார வேண்டும். கிடைக்காவிட்டால் குன்னூர் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ஊட்டிக்கு ரயிலில் ஏறுங்கள். பகலில் சில தடவை ரயில் இருக்கிறது, கூட்டமும் குறைவு. அந்தப் பகுதியில் நீராவி என்ஜின் கிடையாது, டீசல். கேத்தி பக்கம் பள்ளத்தாக்கு வரும்போது போனை உள்ளே வையுங்கள். நான் வைக்கவில்லை, அந்தக் காட்சி அடுத்த வீடியோவில் வரும்.