'உத்தரவு' என்றால் கட்டளை இல்லை! பைபிளில் நாம் தலைகீழாகப் படிக்கும் ஒரு சொல்

(திரையில்: வேலூர் காந்தி ரோடு, காலை நேரம். மருந்துக்கடைகள், லாட்ஜுகள், தமிழோடு வங்காளத்திலும் இந்தியிலும் எழுதிய பலகைகள்.)

வணக்கம். இந்தத் தெருவில் காதில் விழும் பாஷைகளுக்கும் பைபிளில் இருக்கிற ஒரே ஒரு தமிழ்ச் சொல்லுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. அந்தச் சொல்லை எங்கள் சபையில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். ஆனால் நான் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தேன். அந்தத் தப்பு ஏட்டோடு நிற்கவில்லை, பக்கத்து வீட்டு அக்காவைக் காயப்படுத்திவிட்டது.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது நாங்கள் சத்துவாச்சாரியில் வாடகை வீட்டில் இருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா வீடு. அவருடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து படுத்திருந்தார். யாரும் கூப்பிடாமலேயே பைபிளை எடுத்துக்கொண்டு நான் போனேன். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "நீங்க இயேசுவை ஏத்துக்கிட்டிருந்தா இப்படி நடந்திருக்காது" என்று சொன்னேன். அந்தப் பாட்டிக்கு அப்போது உட்காரக்கூட முடியாது. அக்கா கோபப்படவில்லை. "தம்பி, அம்மாவுக்குக் கஞ்சி குடுக்கணும். நீ போயிட்டு வா" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் இரண்டு வருடம் அந்த வீட்டு வாசலில் எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

நான் சொன்னது பைபிளுக்கே விரோதம். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் காட்டி, யார் செய்த பாவம் இது என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இவனும் பாவம் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்கிறார் இயேசு. யோவான் 9-ம் அதிகாரம். அது எனக்கு மனப்பாடமாகவே தெரியும். தெரிந்தும் அப்படிப் பேசினேன். ஏன் என்றால், நான் அங்கே உத்தரவு போடப் போயிருந்தேன்.

சரி, சொல்லுக்கு வருவோம். 1 பேதுரு 3:15. விசுவாசத்தைப் பகிர்வது பற்றி யார் பேசினாலும் இந்த வசனத்தைத்தான் எடுப்பார்கள்.

(திரையில்: "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவுசொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்.")

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். தரங்கம்பாடியில் சீகன்பால்க் 1714-15-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். பிறகு பல கைகள் பட்டு, 1871-ல் வந்த திருத்தம்தான் நாம் சபையில் வைத்திருக்கும் பழைய மொழிபெயர்ப்பு. போதும்.

இப்போது "உத்தரவுசொல்ல" என்பதைப் பாருங்கள். உத்தரவு என்றதும் உங்கள் மனதில் என்ன வருகிறது? கலெக்டர் உத்தரவு, கோர்ட் உத்தரவு. மேலிருந்து கீழே வருவது, எதிர்த்துப் பேச முடியாதது. ஆனால் பழைய தமிழில் இந்தச் சொல்லுக்குப் பதில் என்றும் பொருள் உண்டு. சமஸ்கிருத 'உத்தர'த்திலிருந்து வந்தது. கட்டளை என்ற பொருள் நம் காலத்தில் முன்னால் வந்து, பதில் என்ற பொருள் பின்னால் போய்விட்டது.

நம்பிக்கை வரவில்லையா? அதற்கு வேலூரைவிட நல்ல ஊர் கிடையாது. கொல்கத்தாவிலிருந்து சிகிச்சைக்கு வந்து இந்த லாட்ஜில் தங்கியிருப்பவரிடம், பதிலுக்கு உங்கள் பாஷையில் என்ன என்று கேளுங்கள். 'உத்தொர்' என்பார். பீகார்க்காரர் 'உத்தர்' என்பார். பெங்களூரிலிருந்து வந்த கன்னடக்காரர் 'உத்தர' என்பார். நம் மாவட்டத்திலேயே எத்தனையோ வீடுகளில் தெலுங்கு பேசுகிறோமே, அங்கே 'உத்தரம்' என்றால் கடிதம். ஒருவர் எழுதி, இன்னொருவர் பதில் எழுதுவது. சித்தூர்ப் பக்கம் பெண் கொடுத்த பாட்டிகள் "உத்தரம் வந்துதா?" என்று தபால்காரரைக் கேட்பார்களே, அதே சொல். சுற்றியிருக்கிற இத்தனை பாஷைகளும் அந்தப் பழைய பொருளை நமக்காகக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. நாம்தான் அதைத் தொலைத்துவிட்டு, வசனத்தில் கட்டளையைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பைபிளிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. நீதிமொழிகள் 15:1, "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்." பிரதியுத்தரம் என்றால் மறுமொழி. அதே உத்தரம்தான் இது.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. மூல கிரேக்கத்தில் அங்கே இருக்கும் சொல் 'அப்பொலோகியா'. கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவர் தன் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொல்வதற்கு அந்தக் காலத்தில் வழங்கிய சொல் அது. கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். கோர்ட்டில் உத்தரவு போடுகிறவர் எங்கே இருப்பார்? மேலே, நாற்காலியில். இந்த வசனம் சொல்லும் விதத்தில் உத்தரவு சொல்கிறவர் எங்கே இருப்பார்? கீழே, கூண்டில், கேட்டவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு. பேதுரு நம்மைக் கூண்டில்தான் நிற்கச் சொல்கிறார். நான் அந்தக் கட்டில் பக்கத்தில் நீதிபதி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கூண்டில் நிற்கிறவருக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. கேள்வி வந்த பிறகுதான் அவர் பேசலாம். வசனமும் அதையே சொல்கிறது: "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்." அவர்கள் விசாரிக்க வேண்டும், கேட்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் அவசரமாக ஓடுகிறவர் கையில் கைப்பிரதியைத் திணித்தால், அவர் என்ன கேட்டார்? அப்படிக் கொடுப்பவர்களின் ஆர்வத்தை நான் குறை சொல்லவில்லை, நானே கொடுத்திருக்கிறேன். ஆனால் வாங்கியவர் பக்கத்தில் நின்று ஒரு தடவை பார்க்க வேண்டும்.

அப்புறம் "வணக்கத்தோடும்". கிரேக்கத்தில் 'ஃபோபோஸ்'. ஃபோபியா என்கிறோமே, அந்தச் சொல்லின் வேர். பயபக்தி என்று வைத்துக்கொள்ளலாம். அது கடவுளிடம் காட்ட வேண்டியதா, கேட்கிற மனிதரிடமா என்று இரண்டு விதமாகவும் விளக்கம் சொல்பவர்கள் உண்டு. நம் மொழிபெயர்ப்பாளர்களோ வணக்கம் என்று வைத்துவிட்டார்கள். எதிரில் ஒருவரைப் பார்த்ததும் கை குவித்து நாம் சொல்கிற அதே சொல்! இதைவிட அழகாகத் தமிழில் வைக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. இது பிடித்திருந்தால் உங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் பகிருங்கள். யாருக்காவது உதவும்.

(திரையில்: ஊரிசுக் கல்லூரி.)

வணக்கம் இல்லாமல் சொன்னால் என்ன ஆகும்? நம் ஊரில் படித்த ஒருவரே சாட்சி. திருத்தணியில் 1888-ல் பிறந்த ராதாகிருஷ்ணன், பிற்காலத்தில் இந்தியாவின் குடியரசுத் தலைவர், நாம் ஆசிரியர் தினம் கொண்டாடுவது யார் பிறந்தநாளிலோ அவர். வேலூர் ஊரிசுக் கல்லூரியிலும் பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தவர். கிறிஸ்தவ நிறுவனங்களில் தன் மதத்தை நடத்திய விதம் தன்னைப் புண்படுத்தியது என்றும், கிறிஸ்தவ விமர்சகர்களின் சவால்தான் தன்னை இந்து சமயத்தை ஆழமாகப் படிக்கத் தூண்டியது என்றும் அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். சென்னையில் மாணவராக இருந்தபோதே வேதாந்தத்தின் அறநெறி பற்றி ஆய்வேடு எழுதினார். அவர் பெரிய தத்துவ அறிஞரானதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு கிறிஸ்தவனாக எனக்கு வலிக்கும் இடம் வேறு. ஒரு பையன் வருடக்கணக்கில் நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருந்தான். அவன் மனதில் தங்கியது, தன்னைக் கீழாகப் பார்த்தார்கள் என்பது.

இதே வட ஆற்காட்டில் இன்னொரு கதை நேர் எதிர்த் திசையில் போகிறது. ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டு, அப்பாவும் அம்மாவும் திண்டிவனத்தில் ஊழியம் செய்த நாட்களில் அவர்களைப் பார்க்க வந்தார். மிஷனரி ஆகும் எண்ணம் அவருக்குக் கொஞ்சமும் இல்லை. ஒரே இரவில் மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து. மூவரின் மனைவிகளும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஐடாவின் அப்பா டாக்டர். ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம், நீ வா என்று அந்தப் பெண்ணைத்தான் கூப்பிட்டார்கள். அவருக்கு மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

கவனியுங்கள், இங்கே முதலில் வந்தது கேள்வி. அந்த இரவில் அவரிடம் உத்தரவு இல்லை. அதைத் தேடி அமெரிக்கா போய், 1899-ல் மருத்துவப் பட்டம் வாங்கி, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். 1902-ல் 40 படுக்கை ஆஸ்பத்திரி. 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. இன்று காந்தி ரோட்டில் இத்தனை பாஷை கேட்பது அந்த ஒரு கட்டிலால்தான். அந்தக் கட்டிலிலிருந்து வளர்ந்த சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குறிக்கோள் வாசகத்தை நம் பைபிள் தமிழில் சொன்னால், ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்யவும். மாற்கு 10:45.

ஆனால் ஆஸ்பத்திரி ஊரில் இருக்கிற நமக்கு ஒரு கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். வலியில் படுத்திருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலை விசுவாசம் என்று கணக்கில் எழுதக் கூடாது. 2011-ல் வத்திக்கானும் உலகத் திருச்சபைகள் மன்றமும் உலக சுவிசேஷகக் கூட்டணியும் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரைகளில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். குணமாக வேண்டும் என்ற மனிதரின் தேவையைச் சுரண்டாதீர்கள், ஆசை காட்டி இழுக்காதீர்கள். சட்டத்தையும் ஒரு வரியில்: அரசியலமைப்பின் 25-வது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது, ஆனால் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

கேள்வி வந்துவிட்டது, எந்தத் தமிழில் பதில் சொல்வது? இது பெரிய சிக்கல். நம் சபைத் தமிழ் வெளியில் இருப்பவருக்குப் புரியாது. "எனக்கு அந்த ஆத்துமாவைக் குறித்துப் பாரம் இருந்தது, கர்த்தர் வாக்குத்தத்தம் கொடுத்தார்" என்று சொன்னால், பாரம் என்றதும் அவர் மூட்டையைத்தான் நினைப்பார். "அவரை நினைத்து மனசு கஷ்டப்பட்டது, ஜெபத்தில் ஒரு தைரியம் வந்தது" என்று சொல்லுங்கள். ஏதென்ஸ் நகரத்தில் பவுல் அப்படித்தான் செய்தார். நீங்கள் மிகுந்த தேவதாபக்தியுள்ளவர்கள் என்று தொடங்கி, அவர்களுடைய புலவர்கள் வரியையே எடுத்துச் சொன்னார். கேட்டவர்களில் சிலர் கேலி செய்தார்கள், சிலர் இன்னொரு நாள் கேட்கிறோம் என்றார்கள். பவுல் அவர்களைத் துரத்திக்கொண்டு போகவில்லை.

கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் இயேசு பேசிய முதல் வார்த்தை என்ன? தாகத்துக்குத் தா. கொடுப்பவராக வரவில்லை, கேட்பவராக வந்தார். வேலூர் வெயிலில், பாலாறு மணலாகக் கிடக்கிற மே மாதத்தில், பக்கத்து வீட்டில் ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துப் பாருங்கள். அந்த வசனத்தை அப்போது வேறு மாதிரி வாசிப்பீர்கள்.

எனக்கு அடிக்கடி வரும் கேள்வி ஒன்று. "அண்ணே, பக்கத்து வீட்டில் பிரசாதம் கொடுத்தால் என்ன செய்வது?" மனசாட்சிக்கு ஒப்பாவிட்டால் சாப்பிட வேண்டாம். 1 கொரிந்தியர் 8-லும் 10-லும் பவுல் இதை நிதானமாகப் பேசியிருக்கிறார், உட்கார்ந்து வாசியுங்கள். ஆனால் வாங்கிவிட்டு, அவர் பார்க்கும்படி குப்பைத்தொட்டியில் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். "அக்கா, படைச்சதை நாங்க சாப்பிடறதில்லை, தப்பா எடுத்துக்காதீங்க" என்று முகம் பார்த்துச் சொல்லுங்கள். சொன்னால் மதிப்பார்கள்.

அந்த சத்துவாச்சாரி அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்க இரண்டு வருடம் ஆனது. பாட்டி அதற்குள் கோல் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தார். நான் சொன்னது தப்பு என்று இருவரிடமும் சொன்னேன். அதற்கப்புறம் ஒரு கோடை இரவில், கரண்ட் போய் எல்லோரும் மாடியில் இருந்தபோது, அக்காதான் கேட்டார். "தம்பி, தினமும் விடியகாலைல பாடுறீங்களே, உங்க சாமிகிட்ட இன்னா கேப்பீங்க?" இரண்டு நிமிடத்தில் சொன்னேன். இயேசு எனக்கு யார், ஏன் அவரை நம்புகிறேன், எதற்கு நன்றி சொல்கிறேன், அவ்வளவுதான். "நல்லா இருக்குதுப்பா" என்றார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அக்கா இன்றும் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார். காலையில் அடுப்பிலிருந்து இறக்கியதும், படைப்பதற்கு முன்னால், ஒரு தூக்கை நிரப்பி மூடிவைத்துவிடுவார். "இது தம்பி வீட்டுக்கு, இன்னும் படைக்கல, எடுத்துக்கினு போ" என்று தன் பேத்தியிடம் கொடுத்தனுப்புவார். சின்ன வெங்காயமும் கூடவே வரும்.