கோலமாவில் வரைந்த ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கு ரயிலில் போகிறவர்கள் அம்பாத்துரை ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். அதை ஒட்டி, சுங்குடிச் சேலைக்குப் பேர்போன சின்னாளபட்டிக்குப் பக்கத்தில், சிறுமலையைப் பார்த்தபடி இருக்கிறது காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம். கிராமத்தைப் பற்றிப் படிப்பதற்கென்று கிராமத்திலேயே எழுந்த பல்கலைக்கழகம். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

அதைத் தொடங்கியவர் டாக்டர் சௌந்தரம் அம்மா. டி.வி.எஸ். சுந்தரம் அய்யங்காரின் மகள். சின்ன வயதிலேயே கல்யாணமாகி, 1925இல் கணவரைப் பறிகொடுத்தவர். விதவைப் பெண் வீட்டு மூலையில் உட்கார வேண்டும் என்றிருந்த அந்தக் காலத்தில் டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்தார். 1936இல் டாக்டராக வெளியே வந்தார். 1940இல் காந்தியவாதி ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். காந்தி ஆசி கொடுத்து நடந்த திருமணம் அது. அவர்கள் இருவரும் 1947இல் தொடங்கியதுதான் காந்திகிராமம். மருத்துவமனை, கைத்தொழிலோடு பாடம் சொல்லித்தரும் ஆதாரப் பள்ளி, கதர், அநாதைக் குழந்தைகளுக்கு வீடு என்று ஒவ்வொன்றாக வந்தது. பல்கலைக்கழகம் அப்புறம்தான். அந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்த விஷயம். முதலில் சுற்றியிருக்கும் ஊர்களுக்கு வேலை செய்தார்கள். அந்த வேலைக்குள்ளிருந்து படிப்பு முளைத்தது.

கிராமப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று 1949இலேயே பல்கலைக்கழகக் கல்வியை ஆராய்ந்த ராதாகிருஷ்ணன் கமிஷன் சொல்லிவிட்டது. 1956இல் மத்திய அரசு நாடு முழுக்கச் சில ஊரக உயர்கல்வி நிலையங்களுக்கு ஆதரவு கொடுத்தபோது காந்திகிராமமும் அதில் ஒன்று. நம் பக்கத்தில் கோவையை ஒட்டிய பெரியநாயக்கன்பாளையமும் உண்டு. 1976இல் காந்திகிராமம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது.

அங்கே எனக்கு முக்கியமாகப் படுவது, மாணவர்களை ஊருக்குள் அனுப்பித் தங்க வைக்கும் பழக்கம். கூட்டுறவோ ஊரக வளர்ச்சியோ படிப்பவர்கள் மட்டும் போவதில்லை. கணக்கு, வேதியியல் படிக்கிற பிள்ளைகளும் போகிறார்கள். ஒரு வாரம், பத்து நாள் தங்கி என்ன கற்றுவிட முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. நான் வேறொரு கல்லூரியில் படித்தவன். எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

முதன்முதலாக நாங்கள் ஆறு பேர் ஒரு ஊருக்குப் போனோம். கையில் அச்சடித்த படிவம். காலை பத்து மணிக்கு வீடு வீடாகப் போனால் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. ‘பதில் இல்லை’ என்று எழுதிக்கொண்டே போனோம். எங்கள் ஆசிரியர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது மல்லிகை ஊர்ப்பா. நீங்க வர்றதுக்கு ஆறு மணி நேரம் முன்னாடியே அவங்க எந்திரிச்சாச்சு” என்றார். விடியும் முன்னே டார்ச் வெளிச்சத்தில் மொட்டெடுத்து, பூவை மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த காட்டுக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். ராத்திரி எட்டு மணிக்குப் போனோம். எல்லா வீட்டிலும் பதில் இருந்தது.

மறுநாள் ஊர்ப்படம் வரைந்தோம். ஊரக ஆய்வில் இது இப்போது எல்லோரும் செய்கிற முறை. ஊர்க்காரர்களே தங்கள் ஊரைத் தரையில் வரைவார்கள். பிள்ளையார் கோயில் முன்னால் மண்ணைக் கூட்டிப் பெருக்கி, கோலமாவு, செங்கல் பொடி, புளியங்கொட்டை, வேப்பிலை எல்லாம் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றோம். அரை மணி நேரத்தில் ஊரணி வந்தது, ரேஷன் கடை வந்தது, தண்ணி டேங்க் வந்தது, தெருக்கள் வந்தன. “அவ்வளவுதான், முடிஞ்சது” என்றார் ஒரு பெரியவர்.

புல்லுக்கட்டோடு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கேட்டார்: “எங்க வீடெல்லாம் எங்க சாமி?”

யாரும் பேசவில்லை. அவர் கட்டை இறக்கி வைத்தார். ஒரு கை புளியங்கொட்டையை அள்ளிக்கொண்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் மண்ணாக விட்டிருந்த இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வீட்டுக்கு ஒரு கொட்டையாக, பேர் சொல்லிச் சொல்லி வைத்தார். நாற்பது வீட்டுக்கு மேல் வந்தது. அது காலனி. கடைசியில் ஒரு வேப்பங்குச்சியை நட்டார். அடிபம்பு. அப்புறம் கோலமாவை எடுத்து, அந்த வீடுகளிலிருந்து ரோட்டைத் தாண்டி, கோயிலைச் சுற்றி, ஊருக்கு வெளியே இருந்த தோட்டத்துக் கிணறு வரைக்கும் நீளமாக ஒரு கோடு இழுத்தார். “பம்புல உப்புத் தண்ணி. குடிக்க இம்புட்டுத் தூரம் போறோம்.”

என் படிவத்தில் ‘குடிநீர் வசதி: உண்டு / இல்லை’ என்று ஒரு கேள்வி இருந்தது. அந்தத் தெருவுக்கும் நான் ‘உண்டு’ என்றே டிக் போட்டிருந்தேன். அடிபம்பு இருந்ததே!

ஊரக வளர்ச்சிக் கல்விக்குத் தனி நிலையம் எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தக் கோலமாவுக் கோடுதான் ஞாபகம் வரும். அந்தக் கோட்டைப் பார்க்கப் பழக்குவதற்குத்தான். வரவர ஆய்வுகள் போன் செயலியிலேயே முடிந்துவிடுகின்றன. ஒரு வீட்டுக்கு பத்து நிமிடம், அடுத்த வீடு. எண்கள் சீக்கிரம் கிடைக்கும், சரி. ஆனால் புல்லுக்கட்டோடு நிற்கிறவருக்காகக் காத்திருக்க அந்தச் செயலிக்குத் தெரியாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஊரைப் பற்றி எழுதியதை அந்த ஊரிலேயே, ஊர்க்காரர்களுக்குப் புரிகிற தமிழில் வாசித்துக் காட்டாமல் யாருக்கும் பட்டம் கொடுக்கக் கூடாது. இதை நான் கசந்து கற்றுக்கொண்டேன். நாலு வருஷம் கழித்து அந்த வழியாகப் போனபோது அதே அம்மா என்னை அடையாளம் கண்டு கேட்டார்: “எழுதிட்டுப் போனியே தம்பி, அதுல என்ன இருந்துச்சு?” இங்கிலீஷில் டைப் அடித்து, பைண்டு பண்ணி, நூலக அலமாரியில் வைத்தாயிற்று. அவருக்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்த மாதம் அதன் நகலோடு திரும்பப் போனேன். கோயில் முன்னால் உட்கார்ந்து தமிழில் சொல்லச் சொல்ல, இரண்டு தெருக்காரர்களும் கேட்டார்கள். குடிநீர்ப் பக்கம் வந்ததும் அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். “கிணறு இப்ப வத்திப்போச்சு. இன்னும் அந்தாண்ட போறோம். அதை அடிச்சுட்டு இதை எழுது.”

பேனாவை எடுத்து அடித்துவிட்டு எழுதினேன்.

நன்றி, வணக்கம்.