கணவரின் ஸ்பொன்சரில் நிரந்தர வதிவிடம்: கடைசி மின்னஞ்சலிலிருந்து அட்டை வரும்வரை

வணக்கம், உறவுகளே. ஸ்காபரோவில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் இருந்து இந்தக் காணொளியைப் பதிவு செய்கிறேன். என் கையில் இருப்பது கடந்த வாரம் தபாலில் வந்த நிரந்தர வதிவிட அட்டை. கணவர் ஸ்பொன்சர் செய்ய, நான் கனடாவுக்குள் இருந்தபடியே விண்ணப்பித்தேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். மருத்துவப் பரிசோதனையும் பின்னணிச் சோதனையும் முடிந்தபின் என்ன நடக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அதை மட்டும் இன்று சொல்கிறேன்.

நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிடுங்கள், ஏனென்றால் அது கட்டப்படாமல் கோப்பு கடைசிக் கட்டத்தைத் தாண்டாது. 2024 ஏப்ரல் 30 அன்று அது 515 டொலரிலிருந்து 575 ஆக உயர்ந்தது. நான் கட்டியதும் அந்த 575 தான்.

பிறகு குடிவரவுத் துறையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் கனடாவுக்குள்தான் இருக்கிறேனா, இப்போதைய முகவரி என்ன என்று கேட்டிருந்தார்கள். பதில் அனுப்பியபின், இணையத்தில் எனக்கென ஒரு கணக்கைத் திறக்கும் விபரம் இரண்டாவது மின்னஞ்சலில் வந்தது. அந்தக் கணக்கில் உறுதிமொழி அளித்து, அட்டைக்கான படத்தை ஏற்ற வேண்டும். படம் குறைந்தது 715க்கு 1000 பிக்சல் இருக்க வேண்டும் என்பதால், கைபேசியில் எடுத்து வெட்டி ஒட்டாமல், ஒரு படப்பிடிப்பு நிலையத்துக்குச் சென்று மின்வடிவில் வாங்கிக்கொண்டேன். சில நாட்களில் நிரந்தர வதிவிட உறுதிப்படுத்தல் பத்திரம் அதே கணக்கில் வந்து சேர்ந்தது. நம்மவர்கள் இன்னும் 'லாண்டிங் பேப்பர்' என்று சொல்வது இதைத்தான்.

அந்தப் பத்திரத்தில், நீங்கள் நிரந்தர வதிவாளர் ஆகும் திகதி இருக்கும். நான் இன்று அழுத்திச் சொல்ல விரும்புவது அந்தத் திகதியைப் பற்றித்தான். அதற்கு முந்தைய நாள்வரை நீங்கள் விண்ணப்பதாரி மட்டுமே. ஆகவே உங்கள் குடும்பத்தில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் உடனே அறிவிக்கும் கடமை உங்களுக்கு உண்டு. ஊரில் இருந்து விண்ணப்பித்த ஒரு சகோதரி, கடவுச்சீட்டில் விசா ஒட்டப்பட்டு வந்தபின் குழந்தை பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'இப்போது சொன்னால் தாமதமாகும், போய் இறங்கியபின் பிள்ளையைக் கூப்பிடலாம்' என்று யாராவது சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள். தரையிறங்கும்போது அறிவிக்கப்படாத, பரிசோதிக்கப்படாத பிள்ளையைப் பின்னர் குடும்ப வகுப்பில், அதாவது உறவினரை அழைக்கும் பிரிவில், ஸ்பொன்சர் செய்ய முடியாது என்று குடிவரவு ஒழுங்குவிதிகளின் 117(9)(ஈ) பிரிவு சொல்கிறது. 2019 இல் இதற்கு ஒரு தளர்வுத் திட்டம் கொண்டுவரப்பட்டது உண்மைதான். ஆனாலும் அதை நம்பிப் பிள்ளையை மறைத்துவிட்டு விமானம் ஏறக் கூடாது. திருமண உறவு முறிந்தாலும் இதே கடமைதான்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பத்திரத்தின் காலாவதித் திகதியையும் பாருங்கள். அது பெரும்பாலும் 12 மாதங்களே செல்லுபடியாகும் மருத்துவப் பரிசோதனையையோ கடவுச்சீட்டின் முடிவுத் திகதியையோ ஒட்டியே இருக்கும், அதை நீட்டித்துத் தரமாட்டார்கள்.

அந்தத் திகதிக்குப் பிந்தைய வாழ்க்கையைப் பற்றி நம் சமூகத்தில் ஒரு பழைய பயம் இன்னும் இருக்கிறது. 'இரண்டு வருடம் ஒன்றாக வாழாவிட்டால் கார்டைப் பறித்துவிடுவார்கள்' என்று என் மாமியே சொன்னார். 2012 அக்டோபரில் அப்படியொரு நிபந்தனை வந்தது. புதிதாகத் திருமணமாகி வந்த பலரை அது கட்டுப்படுத்தியது. 2017 ஏப்ரலில் அதை நீக்கிவிட்டார்கள். உண்மையான திருமணத்தில், உண்மையைச் சொல்லி வந்த ஒரு பெண், வீட்டில் அடி வாங்கிக்கொண்டு வதிவிடத்துக்காகப் பொறுத்திருக்க வேண்டியதில்லை. ஸ்பொன்சர் செய்தவர் ஏற்றுக்கொண்ட மூன்று வருடப் பொருளாதாரப் பொறுப்பும், பிரிந்துவிட்டதால் மட்டும் முடிந்துவிடாது. இதைப் பார்க்கும் யாருக்காவது இந்தத் தகவல் தேவைப்படும் என்பதால்தான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்.

பத்திரம் வந்தவுடன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் கடவுச்சீட்டோடு ஒப்பிடுங்கள். தகப்பன் பெயரையும் கணவன் பெயரையும் மாறிமாறி எழுதும் நமக்கு இது மிக முக்கியம். என் பத்திரத்தில் ஓர் எழுத்து விடுபட்டிருந்ததை அன்றே கண்டு அறிவித்ததால், அட்டை சரியான பெயரில் வந்தது.

அதே வாரத்தில் 9 என்ற எண்ணில் தொடங்கும் தற்காலிக சமூகக் காப்புறுதி இலக்கத்தை (SIN) நிரந்தர இலக்கமாக மாற்றிக்கொண்டேன். அட்டை கைக்கு வரும்வரை வெளிநாட்டுப் பயணம் வைக்கவில்லை, ஏனென்றால் அட்டையோ அதற்கு ஈடான பயண ஆவணமோ இல்லாமல் திரும்பும் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். இனி ஐந்து வருடங்களில் 730 நாட்கள் இங்கே இருக்க வேண்டும். அந்தக் கணக்கைப் பத்திரத்திலுள்ள திகதியிலிருந்தே குறிப்பேட்டில் எழுதத் தொடங்கிவிட்டேன்.