ஆடலரசனின் காலடியில் அம்மையார்

நேயர்களுக்கு வணக்கம். கம்போடியாவுக்குச் சென்று திரும்புகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பன்டேய் ஸ்ரே கோயிலுக்குப் போனீர்களா? அங்கே நம் காரைக்கால் அம்மையாரைப் பார்த்தீர்களா?" பலர் கோயிலைப் பார்த்திருப்பார்கள், அம்மையாரைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அங்கோர் வாட்டுக்கு வடக்கே உள்ள இச்சிவாலயத்தை எழுப்பியவர் மன்னர் அல்லர், அரசகுருவான யக்ஞவராகர். 967ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட இக்கோயில் மிகச் சிறியது. கருவறை வாயிலில் வளர்ந்தவர் எவரும் குனிந்துதான் நுழைய முடியும். ஆனால், மரத்தைப் போல உளிக்கு இசைந்து கொடுக்கும் செந்நிற மணற்கல்லில், ஒரு சாண் இடத்தையும் வெறுமையாக விடாமல் சிற்பிகள் செதுக்கியிருக்கிறார்கள்.

உள்திருச்சுற்றின் கிழக்கு வாயிலுக்கு மேலுள்ள முகப்பை நிமிர்ந்து பாருங்கள். பல கைகளை வீசிச் சிவபெருமான் ஆடுகிறார். அவருடைய காலடியில் ஒரு பக்கமாக, மார்பு வற்றி, உடல் மெலிந்து ஒரு முதிய பெண் அமர்ந்திருக்கிறார். அவரைக் காரைக்கால் அம்மையார் என்றே கலை வரலாற்றறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். மூத்த திருப்பதிகத்தில் பேய்மகளுக்கு அவர் பாடிய வடிவமும், தமக்கு அவர் சூட்டிக்கொண்ட காரைக்கால் பேய் என்ற பெயரும் நினைவுக்கு வந்தால், ஐயம் எழாது.

என்னுடன் வந்த கெமர் வழிகாட்டி இளைஞர், "யார் இந்தப் பாட்டி?" என்று கேட்டார். கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றை அடியவருக்குப் படைத்ததையும், கணவன் மறுபடி கேட்டபோது இறைவன் அருளால் இன்னொரு கனி கைக்கு வந்ததையும், பின்னர் அவர் தலையால் நடந்து கயிலை ஏறியதையும், இறைவன் அவரை 'அம்மையே' என்று அழைத்ததையும் சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. அவர் எதுவும் பேசாமல் அச்சிற்பத்தை நோக்கிக் கைகூப்பினார். எத்தனையோ முறை அந்த வாயிலைக் கடந்தவர், அன்றுதான் அவரைத் தெரிந்துகொண்டார்.

ஆண்டை மீண்டும் சொல்கிறேன்: 967. அம்மையாரின் வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியது பன்னிரண்டாம் நூற்றாண்டில். ஆடல்வல்லானின் காலடியில் அம்மையாரை அமர்த்திய கங்கைகொண்ட சோழபுரச் சிற்பமும் இதற்குப் பிற்பட்டதே. நம் ஊரில் அவர் கதை காப்பியமாவதற்கு முன்பே, கடலுக்கு அப்பால் ஒரு சிற்பியின் உளி அவருக்கு இறைவனின் காலடியில் இடம் கொடுத்துவிட்டது.

கயிலையை அசைக்கும் இராவணனைப் பற்றியும், வாலி சுக்கிரீவன் போரைப் பற்றியும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். காண்டவ வனத்தீயை அணைக்க இந்திரன் பொழியும் மழையை அங்கே சாய்ந்த கோடுகளாகச் செதுக்கியிருக்கிறார்கள். காலை வெயில் படும் நேரத்தில் சென்றால், கல்லில் மழை பெய்வதைக் காணலாம். வணக்கம்.